அது சோடி இல்லை, சண்டை

தம்பி, கன்னியாவில் உங்கள் வளவுக்குள், கிணற்றடியில் இரண்டு புடையன் (கண்ணாடி விரியன்) பின்னி எழும்பி நின்றதாகவும், "சோடி சேருது, இனி வளவெல்லாம் முட்டைதான்" என்று அம்மா பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அது இரண்டு ஆண்களின் சண்டை. முன்னுடம்பைத் தூக்கி, ஒன்றின் தலையை மற்றது நிலத்தோடு அமுக்கப் பார்க்கும். அமுங்கியது நழுவித் திரும்ப எழும்பும். விஷம் இருந்தும் பொதுவாக ஒன்றையொன்று கடிப்பதில்லை. தோற்றது விலகிப் போய்விடும். இணை சேரும்போது இப்படி மல்லுக்கட்டாது. வால்கள் சேர்ந்தபடி நிலத்தில் கிடக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், புடையன் முட்டை இடாது, குட்டிதான் போடும். (அது ஆறுதலா என்பது வேறு கதை.) பெண் பாம்பு ஒன்று கிட்ட இருந்திருக்கலாம், அதனால் இரவில் ரோச்சும் செருப்பும் இல்லாமல் கிணற்றடிக்குப் போக வேண்டாம்.

வீடியோவை நிறுத்திப் பாருங்கள்: முதுகில் சங்கிலி மாதிரி வட்டங்கள் இல்லாவிட்டால் அது சாரையாகவும் இருக்கலாம். சாரையும் இப்படித்தான் சண்டை பிடிக்கும், விஷம் கிடையாது.

பக்கத்து வீட்டு அண்ணர் சொன்னபடி புது வேட்டி போர்த்தி அதிர்ஷ்டம் தேடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். தற்செயலாகக் கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.