செய்யத் தெரிந்தவர் நாற்காலி வாங்கலாமா?

மரவேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். முக்காலி, புத்தக அலமாரி, பேத்திக்கு ஓர் எழுதுமேசை ஆகியவற்றைச் செய்திருக்கிறேன். இப்போது வீட்டுக்குத் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் தேவைப்படுகின்றன. நல்ல பட்டறை ஒன்றில் சொல்லி வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால், 'வீட்டில் இத்தனை உளிகளை வைத்துக்கொண்டு காசு கொடுத்து வாங்குவதா?' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேசையை நீங்களே செய்யுங்கள், நாற்காலிகளை வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே மரத்தில் செய்யப்பட்டு ஒரே அறையில் நிற்பவை என்றாலும், வேலை என்ற அளவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

மேசையில் ஏறத்தாழ எல்லாமே நேர்கோணம். பலகைகளை ஒட்டி மேற்பரப்பை உருவாக்குவதும், அதை இழைத்து மட்டமாக்குவதும் உடல் உழைப்பைக் கேட்குமே தவிர, எழுதுமேசை செய்தவருக்குப் புதியவை அல்ல. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மரம் நீளவாக்கில் அசைவதில்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது என்றாலும், மூன்றடி அகலப் பலகையில் அந்த அசைவு சில மில்லிமீட்டர் வரை போகலாம். ஆகவே, மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசையிட்டு இறுக்காமல், நீள்துளைகளின் வழியே திருகாணி போட்டு, அது நகர இடம் விட்டுப் பொருத்துங்கள்.

நாற்காலி அப்படிப்பட்டதன்று. பெரும்பாலான நாற்காலிகளில் இருக்கையின் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருப்பதால், பக்கச் சட்டங்கள் கால்களை நேர்கோணத்தில் சந்திப்பதில்லை. சட்டத்தின் முனையில் நாக்குப்போல் செதுக்கிக் காலின் துளைக்குள் இறக்கும் பகுதியை அந்தச் சாய்வைக் கணக்கிட்டே வெட்ட வேண்டும். முதுகு சாய்வதற்காகப் பின்கால்கள் மேலே போகப் போகப் பின்னோக்கி வளைகின்றன. அந்த வளைவை நேரான பலகையிலிருந்து அறுத்தெடுக்கும்போது மரத்தின் இழையோட்டம் குறுக்கே வெட்டுப்பட்டால், கால் அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். சாப்பிட்டு முடித்த விருந்தினர் பின்கால்கள் இரண்டில் மட்டும் ஊன்றிச் சாய்ந்து பேசத் தொடங்கும்போது, அவருடைய எடை முழுவதும் பக்கச் சட்டமும் பின்காலும் சேரும் இரண்டு மூட்டுகளில் வந்து இறங்குகிறது. மேசையின் எந்த மூட்டுக்கும் இத்தகைய சோதனை வருவதில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நாற்காலியில் சமாளித்துவிடலாம். ஆறு என்பதுதான் சிக்கல். முதல் நாற்காலியில் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். இரண்டாவதில் அதைத் திருத்துவீர்கள். மூன்றாவதிலிருந்து அது பொழுதுபோக்காக இருக்காது. பட்டறைக்காரர் ஒவ்வொரு சாய்வுக்கும் ஜிக் எனப்படும் அச்சுச் சட்டத்தை முன்பே செய்துவைத்திருப்பார். அது அவருக்கு நூறு நாற்காலிகளுக்கு உதவும். நீங்கள் அதே ஜிக்குகளை ஆறுக்காகச் செய்து, பிறகு பரணில் போட்டுவைக்க வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ எடை இருக்கும். ஏழு கிலோ எடையுள்ள ஒரு சாப்பாட்டு நாற்காலியில் உண்மையில் இருக்கும் மரம் அரைக் கன அடிக்கும் குறைவு. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட மேசையின் மேற்பலகைக்கு மட்டுமே ஒன்றரைக் கன அடி வேண்டும். அதாவது, மேசையில் மரத்துக்குக் காசு கொடுக்கிறோம், நாற்காலியில் கைக்குக் காசு கொடுக்கிறோம். அப்படியானால் நாற்காலியை நாமே செய்தால்தானே மிச்சம் என்று வங்கியில் இருந்த நீங்கள் உடனே கேட்பீர்கள். வளைந்த கால்களை அறுக்கும்போது வீணாகும் துண்டுகளையும், கோணம் தவறியதால் ஒதுக்கும் சட்டங்களையும், ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க வாங்க நேரும் கூடுதல் கிளாம்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மிச்சம் வெகுவாகக் கரைந்துவிடும்.

கேலி செய்யும் நண்பர்களிடம் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னரைப் பற்றிச் சொல்லுங்கள். சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் பயின்றவர். 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தவர். உளி பிடிக்கத் தெரிந்த அவரே, தம் நாற்காலிகளைச் செய்யும் பொறுப்பைப் பட்டறைகளிடம் கொடுத்தார். 1950-இல் விற்பனைக்கு வந்து இன்றுவரை தயாராகும் அவருடைய ஒரு நாற்காலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள் உண்டு. இருக்கையை மட்டும் ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையால் பின்னுகிறார்கள்.

வாங்கும்போது உங்கள் பொழுதுபோக்கு உங்களுக்குக் கைகொடுக்கும். காட்சிக்கூடத்தில் பளபளவென்று நிற்பதை வாங்காமல், செய்யச் சொல்லி வாங்குங்கள்; பாலீஷ் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வைரம் பாயாத வெளிர்ப் பகுதியைச் சாயம் பூசி மறைப்பதும், இடைவெளிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதும் பாலீஷுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூட்டு, சட்டத்தில் செதுக்கிய நாக்கா, வெறும் திருகாணியா என்று கேளுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு மூட்டைக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை. நல்ல கைக்காரர் இத்தகைய வாடிக்கையாளரை விரும்புவார். முகம் சுளிப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1930-களின் இறுதியில் புதுச்சேரியில் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் இருந்தவர் என்பதால் அவர் நமக்கும் வேண்டியவர்) பின்னாளில் அமெரிக்காவில் நடத்திய பட்டறையில், வாங்க வருபவரோடு சேர்ந்தே பலகையைத் தேர்ந்தெடுத்தார். செய்து முடித்த பொருளின் அடியில் வாங்குபவரின் பெயரை எழுதிவைத்தார்.

கேள்வி: என் கணவருக்கு மரவேலையில் மிகுந்த ஆர்வம். எங்களுக்குக் கட்டில் தாமே செய்து தருவதாக அவர் சொல்லி நெடுநாளாகிறது. 'பலகை காய வேண்டும்' என்கிறார். நாங்கள் தரையில் படுத்திருக்கிறோம். கடையில் வாங்கினால் அவர் மனம் வருந்துமோ என்று தயங்குகிறேன்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பலகை காய வேண்டும் என்று அவர் சொல்வது பொய்யன்று. ஓர் அங்குலக் கனமுள்ள பலகை காற்றில் உலர ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் அது இன்னும் இழுக்கலாம். ஆயினும், மரக்கடையில் சூளையில் உலர்த்திய பலகை கிடைக்கிறது என்பதையும் அவர் அறிந்திருப்பார்.

கட்டில் செய்யக் கடினமானதன்று. ஆறரை அடி நீளச் சட்டங்களைத் திருப்பிப் போட இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்வதுதான் கடினம். பெரும்பாலும் அவருடைய தடை சோம்பல் அல்ல, பால்கனியின் அளவாக இருக்கும். ஆகவே, வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால்களையும் நீளச் சட்டங்களையும் தச்சர் ஒருவர் தம் பட்டறையில் செய்யட்டும். தலைமாட்டுப் பலகையை மட்டும் உங்கள் கணவர் வீட்டில் செய்யட்டும். விருந்தினர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். மூலைகளைப் பசையால் ஒட்டாமல், கழற்றிப் பூட்டக்கூடிய கட்டில் போல்ட்டுகளால் இணைக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் மாடிப்படித் திருப்பத்தில் அது மேலே ஏறாது. தலைமாட்டுப் பலகை வரும்வரை மற்றப் பகுதியில் தாராளமாகப் படுக்கலாம்.

கேள்வி: காரைக்குடியில் பழைய பொருள்கள் விற்கும் கடையில் ஈட்டி மர நாற்காலி ஒன்றைப் பார்த்தேன். அதை வாங்கி, அளவெடுத்து, அதுபோலவே இன்னொன்று செய்ய எண்ணுகிறேன். இது முறையா? அது உண்மையிலேயே பழையதா என்று எப்படி அறிவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முறைதான். பெயர் தெரியாத தச்சர்களின் பழைய வடிவங்களைப் பார்த்துச் செய்தே இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது. இன்று தொழில் செய்யும் ஒருவரின் வடிவத்தைப் பார்த்துச் செய்து விற்பதுதான் தவறு. ஈட்டி உட்பட்ட டால்பெர்ஜியா பேரின மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகத்துக்கும் 2017 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. உள்நாட்டிலும் நல்ல பலகை எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, உங்கள் பிரதியைத் தேக்கிலேயே செய்யுங்கள்.

பழமையை அறிய, நாற்காலியில் கடைசல் கால்கள் (சுழலவிட்டு உருண்டையாகச் செதுக்கியவை) இருந்தால், நுண்ணிய அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுபோங்கள். கடைசல் பிடித்த அன்று வட்டமாக இருந்த கால், பல பத்தாண்டுகளில் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் சுருங்கிச் சற்று நீள்வட்டமாகியிருக்கும். ஒரே இடத்தில் இரு திசைகளில் அளந்து, இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றாக இருந்தால், கடைக்காரர் சொல்லும் வயதைக் கொஞ்சம் குறைத்து விலை பேசலாம்.