புல்லி கழலவில்லை என்பதற்காக எஞ்சினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ் இருக்கிறது. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பல் பெல்ட்) மாற்றப் பட்டறையில் விட்டேன். அதற்குக் கிராங்க் எனப்படும் எஞ்சின் சுழல் தண்டின் முனையில் இருக்கும் புல்லியைக் கழற்ற வேண்டும். அதன் நடு போல்ட் கழன்றுவிட்டது. புல்லி மட்டும் அசையவில்லை. சுத்தியலால் தட்டியும் கடப்பாரையால் நெம்பியும் பார்த்துவிட்டார்கள். கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கலாம் என்கிறார் மெக்கானிக். அதற்கும் வராவிட்டால் எஞ்சினை இறக்கி கிராங்க்கோடு லேத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கிராங்க்கே போயிருக்கும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது? (திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் பட்டறைக்குப் போன் செய்து, இன்று யாரும் அந்தப் புல்லியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. கிராங்க் போயிருக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். நடு போல்ட் தளர்ந்து, புல்லி ஆடி ஆடி, இரண்டையும் பூட்டும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு உட்காரும் காடியை அகலமாக்கினால்தான், கிராங்க்கின் மூக்கு, அதாவது புல்லி செருகியிருக்கும் முனை, கெடும். உங்கள் புல்லியோ கடப்பாரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அசையாத புல்லி கிராங்க்கைத் தின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் எஞ்சினைப் பார்த்துச் சொல்லவில்லை, உங்கள் சட்டைப் பையைப் பார்த்துச் சொல்கிறார். காடியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். புல்லி கழலாமல் காட்ட முடியாது. கழன்ற பிறகு காட்ட அனேகமாக ஒன்றும் இருக்காது.

உங்கள் மெக்கானிக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் லேத்துக்கும் உதிரிபாகக் கடைக்கும் நடுவே ஓடுகிற கமிஷன்தான் கெட்டது. பல ஊர்களில் பில்லைக் கடைக்காரர் பட்டறையின் பேரில் போடுகிறார். மாதக் கடைசியில் ஒரு பங்கு பட்டறைக்குத் திரும்பி வருகிறது. இரண்டு மணி நேரம் பொறுமையாகப் புல்லர் (புல்லியைத் திருகு வைத்து நேராக இழுக்கும் கருவி) போட்டு இழுத்தால் கிடைப்பது கூலி மட்டும். எஞ்சினை இறக்கினால் கேஸ்கெட் செட், பேரிங், ஆயில், கிரைண்டிங் என்று எல்லாவற்றிலும் பங்கு. எது எளிதாக வாயில் வரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, புல்லி ஏன் ஒட்டிக்கொண்டது? அது கிராங்க்கின் மூக்கில் இறுக்கமாகச் செருகப்பட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். சுழலாமல் இருக்க நடுவே ஒரு சாவி. நேர் மேலே வாட்டர் பம்ப் இருக்கிறது. அதிலிருந்து கசிந்த நீர், மழைச் சேறு, வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீர் எல்லாம் இருபது ஆண்டுகளாக அந்த இடுக்கில் இறங்கியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் இடுக்கு அடைத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து பலமல்ல. ஊறவிடுவதும் நேராக இழுப்பதும்தான்.

சுத்தியல் அடி கிராங்க்கைப் பின்னோக்கித் தள்ளும். அது முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற, த்ரஸ்ட் வாஷர் எனப்படும் பிறை வடிவத் தகடுகள் அந்த அடியை வாங்கும். கடப்பாரையின் முனை ஊன்றுவது டைமிங் கவரின் மேல். முதலில் உடைவதும் அதுதான். இரண்டையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி வேலை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டரையும் ஃபேனையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆனால் குனிந்து கையைச் சொருகிச் செய்கிற வேலையில்தான் புல்லர் கோணலாக உட்காரும். பிறகு கம்பி பிரஷ்ஷால் புல்லியின் நடுவைச் சுத்தம் செய்து, டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் வந்தாலும் அதன் தடித்த வாஷர் அழுக்கோடு அழுக்காக உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. பார்ப்பதற்குப் புல்லியின் பகுதி போலவே தெரியும். அதை வைத்துக்கொண்டு புல்லர் மாட்ட முடியாது, துரு எண்ணெயும் உள்ளே இறங்காது.

நன்கு ஊடுருவும் துரு எண்ணெயைக் கிராங்க் மூக்கைச் சுற்றிலும் சாவிக் காடியிலும் விட்டு, ஓர் இரவு ஊறட்டும். காலையில் மீண்டும் ஒருமுறை. டீசலோ மண்ணெண்ணெயோ போதும் என்பார்கள், போதாது.

அடுத்தது புல்லர். குவாலிஸில் இருக்கிற 2எல் வகை எஞ்சினின் புல்லி முகத்தில், நடுத் துளைக்கு இரு புறமும் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். அழுக்கு மூடியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். கம்பெனி அவற்றை வைத்ததே இழுப்பதற்காகத்தான். தடித்த பட்டைத் தகட்டில் இரண்டு நீள போல்ட்டுகளைக் கோத்து, அந்தத் துளைகளில் முதலில் கையால் திருகி, மரை சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண இரும்புக் கடை போல்ட் வேண்டாம், தலையில் வலிமையைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருப்பதாக வாங்குங்கள். புல்லியின் தடிமன் அளவுக்கு மட்டும் இறங்கட்டும். அதிகம் போனால் பின்னால் இருக்கும் கவரைக் குத்தும்.

தகட்டின் நடுவில் இருக்கும் தள்ளு திருகு நேராகக் கிராங்க்கின் துளைக்குள் போகக் கூடாது. போனால் துளையின் வாய் மரை நசுங்கும். அப்போதுதான் உண்மையாகவே லேத்துக்காரர் தேவைப்படுவார். பழைய நடு போல்ட்டையே வாஷர் இல்லாமல் திரும்பப் போட்டு, தலைக்கும் புல்லிக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் மட்டும் விட்டு நிறுத்துங்கள். தள்ளு திருகு அந்தத் தலையின் மேல் ஊன்றட்டும். 

வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். இரு பக்கமும் சமமாக வர வேண்டும். நன்கு இறுகியதும் திருகின் தலையில் சிறு சுத்தியலால் ஒரு தட்டு, பலமாக அல்ல. பிறகு பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். பெரும்பாலும் திரும்பி வந்து அடுத்த கால் சுற்றில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கையோடு வந்துவிடும்.

மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுக்கலாமே என்பார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புல்லியில் இரண்டு வகை. ஒன்று முழுதும் ஒரே வார்ப்பு. மற்றது உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், நடுவே இரண்டையும் பிணைக்கும் ரப்பர். கிராங்க்கின் அதிர்வை வாங்குவதற்காக வைத்தது. முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரியும். நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். அப்படி இருந்தால் விளிம்பில் மாட்டி இழுக்கவே கூடாது. வெளி வளையம் வரும், குடம் வராது, ரப்பர் கிழியும். கேஸ் வைத்தாலும் இதே கதிதான்: முதலில் கருகுவது ரப்பர், அடுத்து பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல். ஊறவிட்ட துரு எண்ணெய் வேறு பற்றிக்கொள்ளும். சூடு தேவைப்பட்டால் நடுவில் துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ரப்பர் இல்லாத ஒரே வார்ப்புப் புல்லி என்றால், எண்ணெயை நன்றாகத் துடைத்த பிறகு ஹாட் ஏர் கன்னால் குடத்தை மட்டும் சூடாக்கலாம்.

ரப்பர் வகையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. பழைய ரப்பர் பிடி விட்டால் வெளி வளையம் குடத்தின் மேல் சற்றே நழுவிச் சுற்றிவிடும். டைமிங் குறி இருப்பது அந்த வெளி வளையத்தில். நழுவிய குறியை நம்பி டைமிங் வைத்தால் எஞ்சின் முதல் சுற்றிலேயே வால்வைப் பிஸ்டனில் மோதவிடலாம். ஆகவே பெல்ட்டை ஏற்றும்போது உள்ளே இருக்கும் பல் சக்கரங்களின் குறிகளைத்தான் பார்க்க வேண்டும். கழன்ற புல்லியில் குடத்திலிருந்து வளையம் வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்துக் கோடு உடைந்திருந்தால் புல்லியை மாற்ற வேண்டும்.

புல்லர் மாட்டும் துளைகளின் மரையே பிய்ந்துவிட்டது என்றால்? துளைகளை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி மரை வெட்டலாம். அதுவும் போனால் புல்லியைப் பலி கொடுங்கள். சாவிக் காடிக்கு நேராகக் குடத்தைக் கிரைண்டரால் கிராங்க்கைத் தொடாத ஆழம் வரை அறுத்து, உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் விரிந்து விடும். எஞ்சின் வண்டியிலேயே இருக்கும். ஆனால் மாற்றுப் புல்லி கையில் வந்த பிறகுதான் அறுக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும். ரப்பரில் வெடிப்பு, காடியில் தேய்மானம், புதிதாக அடித்த கறுப்பு பெயிண்ட் மூன்றையும் பாருங்கள். பெயிண்ட் அடித்த புல்லியை நான் வாங்க மாட்டேன்.

இதையெல்லாம் ஒரு பத்திரிகைப் பதிலில் எழுத வேண்டியிருப்பதே எரிச்சலாக இருக்கிறது. விற்கும்போது வாழ்நாள் முழுக்கத் துணை என்றவர்கள், பட்டறைக்காரருக்கு ஒரு சர்வீஸ் மேனுவலைக் கொடுக்க மாட்டார்கள். அரசோ 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க வாங்கிய 600 ரூபாயை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைட்டையும் ஹாரனையும் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த எஞ்சின் வகைக்கு 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நீங்களாக மாற்ற முன்வந்தது நல்லது.

மாட்டும்போது கிராங்க் மூக்கை நைஸ் எமரியால் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்தால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. சாவி வெட்டுப்பட்டிருந்தால் புதிது போடுங்கள். நடு போல்ட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். டயர் நட்டுக்குக் கொடுக்கிற இறுக்கம் இதற்குப் போதாது. பெல்ட் கழன்றிருக்கும்போது யாரும் கிராங்க்கைச் சுழற்றிப் பார்க்க வேண்டாம், வால்வு பிஸ்டனில் மோதலாம்.

பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் சீல்களும் மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால், இந்த எஞ்சினில் அது ஃபேன் பெல்ட்டில் ஓடுவது என்று சொல்லுங்கள். கசிந்தால் மட்டும் மாற்றலாம். பொருள்களை நீங்களே கடைக்குப் போய் உங்கள் பேரில் பில் போட்டு வாங்குங்கள். பட்டறைக்குக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். கழற்றிய பழைய பொருள்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.