எட்டுப் பேர் தொடங்கிய சிற்றிதழ்

கேள்வி: அறிவியல் புனைகதைக்கென்றே வந்த சிற்றிதழ் எதுவும் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததுண்டா? எல்லாமே நாலு இதழோடு மூட்டை கட்டிவிட்டனவா?

பதில்: மூட்டை கட்டியவைதான் அதிகம். ஆனால் பிரிட்டனின் 'இன்டர்ஸோன்' 1982-இல் தொடங்கி நாற்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் ஆசிரியர் குழு எட்டுப் பேர். ஒரு கதையைத் தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது! அப்புறம் பொறுப்பு அந்த எட்டுப் பேரில் ஒருவரான டேவிட் பிரிங்கிள் தோளில் விழுந்தது. 2004 வரை சுமந்தார். சந்தாவும் கலை மன்ற நிதியுதவியும் கைகொடுத்தன. பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஸ்டீபன் பாக்ஸ்டரின் முதல் கதை 1987-இல் இதில்தான் வந்தது. 1995-இல் இத்துறையின் பெரிய விருதான ஹியூகோவும் கிடைத்தது. இப்போது அச்சை விட்டு மின்னிதழாகிவிட்டது.

என்னிடம் பழைய இதழ் ஒன்று இருக்கிறது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கமெல்லாம் பழுப்புக் கறை. அந்தப் பக்கத்துக் கதை சுமார்தான். ஆனால் வாசகர் கடிதத்தில் ஒருவர் முந்தைய இதழைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். ஒரு வரி வெட்டாமல் போட்டிருக்கிறார்கள் போல, அவ்வளவு நீளம். கதையை விட அதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.