ஜெரண்டா, இன்ஃபினிட்டிவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'என்ஜாய்' என்ற வினைக்குப் பின் 'டு ரீட்' வருமா, 'ரீடிங்' வருமா?

பதில்: 'ரீடிங்' மட்டுமே வரும். 'டு ரீட்' போல 'டு' சேர்ந்து வரும் வினை வடிவம் இன்ஃபினிட்டிவ்; 'ரீடிங்' போல ஐஎன்ஜி (-ing) சேர்ந்து பெயர்ச்சொல்லைப்போல் நிற்கும் வடிவம் ஜெரண்ட். அவாய்ட், ஃபினிஷ், டினை, மைண்ட், பிராக்டிஸ் ஆகிய வினைகளும் ஜெரண்டையே ஏற்கும்.

கேள்வி: தேர்வு நெருங்கிவிட்டது. இரண்டில் எது வரும் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு விதி சொல்லுங்கள்.

பதில்: அப்படியொரு விதி இல்லை, இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இனி நடக்க வேண்டியதை நோக்கிப் பேசும் ஹோப், டிசைட், பிராமிஸ், ரெஃப்யூஸ் போன்ற வினைகள் பெரும்பாலும் இன்ஃபினிட்டிவையும், நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும் அட்மிட், டினை போன்றவை ஜெரண்டையும் ஏற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் சஜஸ்ட், கன்சிடர் ஆகிய இரண்டும் இனி நடக்கக்கூடியதையே பேசினாலும் ஜெரண்டைத்தான் கேட்கும். முந்நூறு வினைகள் கொண்ட பட்டியலை ஒப்பிப்பதைவிட, அடிக்கடி புழங்கும் நாற்பது ஐம்பது வினைகளை முழு வாக்கியத்தோடு படிப்பது பயன் தரும். ஐயம் எழும்போது மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் அந்த வினையின் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள்.

கேள்வி: 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்று எழுதியதற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இது நியாயமா?

பதில்: என்ன பொருளில் எழுதினீர்கள் என்பதைச் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் கேட்கிறீர்கள். அவர் புகைப்பழக்கத்தையே விட்டுவிட்டார் என்றால் 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றுதான் எழுத வேண்டும். ஆசிரியர் செய்தது சரி. நடந்துகொண்டிருந்தவர் ஒரு சிகரெட் பற்றவைப்பதற்காக நின்றார் என்றால் நீங்கள் எழுதியது சரி. 'ரிமெம்பர்' வினையும் இப்படித்தான் பொருள் மாறும்: 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியது இப்போது நினைவில் இருக்கிறது, 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்றால் மறக்காமல் பூட்டினேன். வினையை மட்டும் அனுப்பாமல், முழு வாக்கியத்தையும் சூழலையும் எழுதுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தின் முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதினேன். 'டு' வந்தால் 'ஹியர்' என்றுதான் வர வேண்டும் என்று நண்பர் திருத்திவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. நண்பரையும் அதிகம் குறை சொல்ல முடியாது, ஏனெனில் 'டு' வந்தால் வினையின் முதல் வடிவம் என்ற பாதி விதியை நம் வகுப்பறைகளில் முழு விதியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பின்பற்றி எழுதப்பட்ட தவறான விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஆங்கிலத்தில் இரண்டு 'டு' உண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் அடையாளம். மற்றொன்று இன், ஆன், வித்தவுட் போல, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஒரு பிரிப்பொசிஷன். பிரிப்பொசிஷனுக்குப் பின் வினை வந்தால் அது ஐஎன்ஜி வடிவில்தான் வரும். எந்த 'டு' என்று அறிய, அதன் பின் 'இட்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது; ஆகவே ஐஎன்ஜி. 'டிசைட் டு இட்' பொருந்தவில்லை. ஆகவே முதல் வடிவம். 'அப்ஜெக்ட் டு', 'வித் எ வியூ டு' இரண்டும் இந்தச் சோதனையில் தேறி ஐஎன்ஜி பக்கம் நிற்கும். 'அக்ரீ' மட்டும் ஏமாற்றும்: 'அக்ரீ டு இட்' என்பதும் சரி, 'அக்ரீ டு கோ' என்பதும் சரி. 'யூஸ்ட் டு' இன்னொரு குழி. 'ஐ யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி' என்பது முன்பிருந்த வழக்கம். 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி' என்பது பழகிப்போனது. உங்கள் விண்ணப்பத்தில் நண்பர் செய்த திருத்தத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: 'ப்ளீஸ் சஜஸ்ட் மீ டு பை எ குட் கிராமர் புக்.'

பதில்: முதலில் இந்த வாக்கியத்தைத் திருத்துவோம். 'ப்ளீஸ் சஜஸ்ட் எ குட் கிராமர் புக்' என்றாலே போதும். 'சஜஸ்ட்' வினைக்குப் பின் ஆளையும் இன்ஃபினிட்டிவையும் சேர்த்து வைக்க முடியாது. அதற்கு 'அட்வைஸ்' இருக்கிறது: 'ஹி அட்வைஸ்ட் மீ டு வெய்ட்.' 'சஜஸ்ட்' வேண்டுமென்றால் 'ஹி சஜஸ்டட் வெய்ட்டிங்' என்று எழுதுங்கள். புத்தகத்துக்கு முன் நல்ல அகராதி ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: 'ஐ கேம் ஃபார் மீட்டிங் யூ' தவறா?

பதில்: தவறு. நோக்கத்தைச் சொல்ல 'டு மீட் யூ' போதும்.

கேள்வி: 'மேக்' வினைக்குப் பின் 'டு' வருமா?

பதில்: 'ஷி மேட் மீ வெய்ட்' என்பதில் வராது, செயப்பாட்டு வினையாக்கினால் 'ஐ வாஸ் மேட் டு வெய்ட்' என்று வந்துவிடும்.

கேள்வி: 'த ஷர்ட் நீட்ஸ் டு வாஷ்' என்று எழுதலாமா?

பதில்: சட்டை தானே துவைக்கும் என்றால் எழுதலாம். இல்லையென்றால் 'நீட்ஸ் வாஷிங்' அல்லது 'நீட்ஸ் டு பி வாஷ்ட்'.