டார்வினைக் கூட்டிச் சென்றதைத் தவிர, கேப்டன் ஃபிட்ஸ்ராய் என்ன சாதித்தார்?

நிறைய. ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1805-ல் பிறந்தவர். தற்கொலை செய்துகொண்ட கேப்டனுக்குப் பதிலாக 1828-ல் 'பீகிள்' கப்பலின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 23 வயதுதான். டார்வின் உடன் சென்ற 1831–36 பயணம் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் நியூசிலாந்து ஆளுநரானார். நிலத் தகராறில் பிரிட்டிஷ் குடியேறிகளும் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளும் மோதிக்கொண்ட வைராவ் மோதலில் தவறு குடியேறிகள் மீதுதான் என்று சொன்னதால் அவர்களின் கோபத்துக்கு ஆளானார். 1845-ல் திருப்பி அழைக்கப்பட்டார்.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய பணி அதற்குப் பிறகுதான். 1854-ல் பிரிட்டிஷ் அரசின் புதிய வானிலைத் துறைக்குத் தலைவரானார். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் வேல்ஸின் ஆங்கில்சி தீவுக் கரையோரம் புயலில் சிக்கி உடைந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தச் சாவுகளைத் தடுக்க முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார். கடலோர நிலையங்கள் தந்தியில் அனுப்பும் காற்றழுத்த அளவுகளை லண்டனில் ஒன்றுசேர்த்துப் பார்த்து, 1861 முதல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பினார். எச்சரிக்கை அடையாளமாகக் கம்பத்தில் ஏற்றிய கூம்பையும் உருளையையும் பார்த்தே புயல் வருவதை மாலுமிகள் புரிந்துகொள்வார்கள். அதே ஆண்டு நாளிதழில் தினசரி முன்னறிவிப்பும் வந்தது.

கணிப்பு பொய்த்தபோதெல்லாம் கடுமையாக விமர்சித்தார்கள். கடனும் மனச்சோர்வும் சேர, 1865-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு நிறுத்தப்பட்ட எச்சரிக்கைகள், கடலோர மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1867-ல் மீண்டும் தொடங்கின.