பாரமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலையேறலாமா? கேள்வி பதில்

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். இருபது வருஷமாக மலையகத்துக் கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள், தோட்டத்துக் கூத்து என்று படம் எடுத்து வருகிறேன். எஃப் 2.8 ஜூம் மாதிரியான பாரமான ஃபாஸ்ட் லென்ஸைப் (எஃப் எண் சிறியதென்றால் உள்ளே வரும் வெளிச்சம் கூட) பயணத்துக்குக் கொண்டுபோவதா, வீட்டில் வைத்துவிட்டுப் போவதா என்று இந்தச் சீசனில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து: அண்ணா, டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு நுவரெலியா, எல்ல பக்கம் நாலு நாள் வருகிறோம். என்னிடம் கேனன் 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் இருக்கிறது. கொண்டுவரவா?

கொண்டுவர வேண்டாம் தம்பி. நான் சொல்கிறேன் என்று நம்பவும் வேண்டாம். போன பயணத்துப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் அப்பச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற வாசலின் எஃப் எண், எத்தனை என்று பாருங்கள். காட்சிப் படங்கள் எல்லாம் எஃப் 8, எஃப் 11 என்றுதான் இருக்கும். லிப்டன் ஆசனத்தில் நின்று தேயிலை மலைகளை எடுத்தாலும் சரி, ரோட்டோரம் வேனை நிறுத்தி சென் கிளயர் அருவியை எடுத்தாலும் சரி, எஃப் 8இல் எடுத்த படத்தை வைத்து அது 2.8 லென்ஸா, 4 லென்ஸா என்று யாராலும் சொல்ல முடியாது.

தோளுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். கேனனின் பழைய இஎஃப் வகையில் மூன்றாம் பதிப்பு 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,480 கிராம். அதே 70-200, எஃப் 4இன் இரண்டாம் பதிப்பு 780 கிராம். பிள்ளைக்குக் கால் வலித்தால் நீங்கள்தான் தூக்கவேண்டி வரும். அந்த 700 கிராம் அப்போது தெரியும்.

பேராதனையில் படிக்கும் ஒரு தங்கச்சி: ஒரே தூரம் இழுக்கிற லென்ஸ் ஏன் இவ்வளவு பாரம்? ஃபாஸ்ட் என்றால் என்ன வேகம்?

லென்ஸ் வேகமாக ஓடாது; ஷட்டரை வேகமாக ஓடவிடும். 200 மி.மீ.ஐ 2.8ஆல் வகுத்துப் பாருங்கள், 71 மி.மீ. வரும். 4ஆல் வகுத்தால் 50. வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம் அது. 71 மி.மீ. வாசலுக்கு முன்னால் இருந்து பின்னால் வரை தடித்த கண்ணாடி வேண்டும், அதனால்தான் பாரம். கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். எஃப் 4இல் 1/125 செக்கனில் எடுக்க முடிந்ததை எஃப் 2.8இல் 1/250இல் எடுக்கலாம். இந்த ஒரு ஸ்டொப் நமக்கு எந்த இடத்தில் தேவைப்படும் என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

ஹப்புத்தளையில் இருந்து: எங்கள் ஊரில் எப்போதும் பனிமூட்டம். வெளிச்சம் குறைவு. அதற்கு ஃபாஸ்ட் லென்ஸ் உதவும்தானே?

உதவாது. மூட்டத்தில் இல்லாமல் போவது தெளிவு, வெளிச்சம் அவ்வளவாகக் குறைவதில்லை. உங்களுக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று முழுக்க நீர்த்துளி. 200 மி.மீ.இல் இழுத்தால் அந்த வெள்ளைத் திரையையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். எஃப் 2.8 அதைக் கிழித்துக்கொண்டு போகாது. மூட்டம் இறங்கினால் நான் 35 மி.மீ. போட்டுக்கொண்டு கிட்டப் போய்விடுவேன். பத்தடி தூரத்தில் ஒரு சவுக்கு மரம், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மூட்டத்துக்கு அந்தப் படம் போதும்.

மஸ்கெலியா ஆசிரியர் ஒருவர்: சிவனொளிபாத மலைக்கு முதல் தடவையாகக் கமராவோடு ஏறப்போகிறேன். என்ன லென்ஸ்?

சேர், இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், சீசனில், நல்லதண்ணியில் இருந்து நடுச்சாமம் தாண்டி ஏறினேன். பையில் கமரா, 70-200 எஃப் 2.8, 24-70 எஃப் 2.8, ட்ரைபொட், தண்ணீர், குளிருக்கு ஜக்கெட். வீட்டில் தராசில் வைத்தபோது 8 கிலோ. எட்டுக் கிலோ என்ன பெரிய பாரமா என்று நினைத்தேன். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல், உச்சி 2,243 மீற்றர். பாதி வழியில் பையின் வார் தோளில் பதிந்து கை மரத்துப்போனது. வெறுங்காலோடு ஏறிய ஆச்சி ஒருவர் என்னைக் கடந்துபோய், திரும்பிப் பார்த்து, ‘உக்காந்து வாப்பா’ என்றார்.

உச்சியில் என்ன நடந்தது என்றால், சூரியன் வருகிற பக்கம் ட்ரைபொட் விரிக்க ஓர் அடி இடம் இல்லை. சூரியனை எஃப் 8இல்தான் எடுத்தேன். எதிரே எரிகிற சூரியனுக்கு 2.8 எதற்கு? அது முடிந்து மேற்குப் பக்கம் திரும்பினால், மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழுந்துகிடக்கிறது. அதற்கு அகலமான லென்ஸ் வேண்டும், அதுவும் சில நிமிஷம்தான். பாரமான ஜூமைக் கழற்றி 24-70ஐ மாட்டுவதற்குள் ஓரம் கலைய ஆரம்பித்துவிட்டது.

அந்த இரவின் நல்ல படம் உச்சியில் எடுத்தது இல்லை. மூன்று மணி போல ஒரு தேத்தண்ணிக் கடையில், குண்டு பல்ப் வெளிச்சத்தில், ஒரு தாய் மகளின் பாதத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கி வழிந்தது. கேட்டுவிட்டு எடுத்தேன். ஜக்கெட் பொக்கெட்டில் கிடந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 1/60 செக்கன், ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 3200. கேனனின் அந்தச் சின்ன லென்ஸ் 160 கிராம்தான்.

ஆகவே சேர், ஒரு 50 எஃப் 1.8, ஓர் அகலமான சின்ன லென்ஸ், உபரி பெட்டரி. பெட்டரியை உள் பொக்கெட்டில் உடம்போடு வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

தலவாக்கலை பக்கத் தோட்டத்தில் இருந்து: மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. அதற்கும் சின்ன லென்ஸ் போதும் என்பீர்களா?

இல்லை. இதற்குத்தான் அந்தப் பாரத்தைத் தூக்கவேண்டும்.

காமன் கூத்து விடியவிடிய நடக்கும். லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) ரதியும் மன்மதனும் ஆடிக்கொண்டு வருவார்கள், தப்பு மேளம் நிற்காது. வெளிச்சம் என்று பார்த்தால் நாலு டியூப் லைட், தீப்பந்தம், அவ்வளவுதான். கிட்டப் போய் எடுக்கலாம் என்றால் ஆடுகிற இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சாமி காரியம் அது, நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியிருப்பார்கள். சனத்துக்குப் பின்னால் நின்று, தலைகளுக்கு நடுவில்தான் எடுக்க முடியும்.

ஒரு வருஷம் பாரம் வேண்டாம் என்று எஃப் 4 லென்ஸோடு போனேன். ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/125. பந்தம் பக்கத்தில் வந்ததும் ரதியின் கன்னத்து மை கண்ணீரில் கரைந்து கோடாக இறங்கியது தெரிந்தது. அமத்தினேன். திரையில் பார்த்தால் முகம் இரண்டாகத் தெரிகிறது. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்ததே என்று கேட்பீர்கள். அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆடுகிறவரை நிறுத்தாது. ஆளை நிறுத்த ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. அடுத்த வருஷம் எஃப் 2.8ஐக் கொண்டுபோனேன். அதே ஐஎஸ்ஓவில் 1/250 கிடைத்தது. தப்படிக்கிற குச்சி மட்டும் மங்கலாக, முகம் கூராக வந்தது.

ஒரு எச்சரிக்கை. 200 மி.மீ., எஃப் 2.8, ஆள் மூன்று மீற்றரில் என்றால், ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர்) கமராவில் கூராக இருப்பது ஏறக்குறைய நாலு சென்டிமீற்றர் ஆழம் மட்டும். கண் கூர் என்றால் காது மங்கல். ஒன்றுக்கு நாலாக எடுங்கள்.

கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கும் இதே பதில்தான். பந்த வெளிச்சம், நகர்கிற ஆட்கள், நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையும் இல்லை.

பண்டாரவளையில் இருந்து: ரயிலில் எல்ல வரைக்கும் கதவில் நின்று எடுக்க எது நல்லது?

பாரமான லென்ஸ் வேண்டவே வேண்டாம். கதவுக்கு வெளியே நீட்டினால் பாறையும் கம்பமும் எப்போது வரும் என்று தெரியாது. ஒரு சின்ன 35, ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடி. ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருவதை எடுக்க இறங்கி நடக்கிறீர்கள் என்றால் அதற்கும் பகல் வெளிச்சம் தாராளம்.

கொழும்பில் இருந்து: கொழுந்து பறிக்கிற பெண்களைத் தொந்தரவு செய்யாமல் தூரத்தில் நின்று எடுக்க 70-200தானே சரி?

இதை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன், கோபிக்க வேண்டாம். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். ரோட்டில் வேனை நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், நீண்ட குழாயைத் தன் பக்கம் திருப்புகிறவர்களைப் பற்றி அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது: ‘நம்மள மரையப் பாக்குற மாதிரி பாக்குறாங்க.’ தூரத்தில் நின்றால் தொந்தரவு இல்லை என்று அர்த்தம் இல்லை.

நடுமலையில் கூப்பிட்டு நிறுத்தவும் வேண்டாம். நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, பத்து நிமிஷம் போனால் அது அவர்களுடைய கொழுந்து. நிறுவை முடிகிற நேரம் போங்கள். வணக்கம் சொல்லுங்கள், எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று பேசுங்கள், அப்புறம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால் 35 அல்லது 50, கையெட்டும் தூரம். படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பல லயங்களில் சுவரில் தொங்குகிற ஒரே குடும்பப் படம் கல்யாணத்தன்று எடுத்ததாக இருக்கும்.

டொரொன்டோவில் இருந்து ஒரு ஐயா: விமானத்தில் கைப்பையில் 7 கிலோதான் விடுகிறார்கள். லென்ஸை லக்கேஜில் போடலாமா?

போடாதீர்கள் ஐயா. உடைந்தாலும் காணாமல் போனாலும் பதில் கிடைக்காது. கமராவும் லென்ஸும் கையில், உடுப்பு லக்கேஜில். பாரமான லென்ஸ் வேண்டியது ஒரே ஓர் இரவுக்கு என்றால், வந்த பிறகு கண்டியிலோ கொழும்பிலோ வாடகைக்கு எடுங்கள். புதிய வகை லென்ஸ்களில் பாரமும் குறைந்திருக்கிறது: கேனனின் மிரர்லெஸ் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,070 கிராம், சோனியின் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். பழையதை வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியும் புதியதை வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியும் இப்போது ஒன்றில்லை.

நுவரெலியாவில் இருந்து: ஹோட்டன் சமவெளியில் மரை, பறவை எடுக்க?

மரைக்கு எஃப் 4 போதும். ஆட்களுக்குப் பழகியவை, காலை வெளிச்சத்தில் புல்வெளியில் நிற்கும். பறவைக்கு 200 மி.மீ. எட்டாது, அதற்கு 2.8ஐத் தூக்கிப் பயன் இல்லை, நீளம்தான் வேண்டும். அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்வரும் சுற்று நடை ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், அதையும் கணக்கில் எடுங்கள். மழைக்குக் கமராவை மூட பொலித்தீன் கொண்டுபோனால் வாசலில் வாங்கிவிடுவார்கள். துணியில் தைத்த மழை உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்லவேண்டும்: விலை கூடிய பாரமான லென்ஸ்கள் பலவற்றுக்கு ஈரம் புகாத ரப்பர் அடைப்பு இருக்கும், அந்த 50 எஃப் 1.8க்கு இல்லை. தூறலில் சின்ன லென்ஸைத்தான் கூடப் பாதுகாக்க வேண்டும்.

நுவரெலியாவில் இருந்து இன்னொருவர்: குளிரில் எடுத்துவிட்டு மாத்தளைக்கு இறங்கினால் கண்ணாடி முழுக்க ஆவி. அதோடு பூஞ்சணமும் பிடிக்கிறது.

குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் நீர் படியும். இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். துடைத்துத் துடைத்து எடுப்பதால் கீறல்தான் மிச்சம். பூஞ்சணத்துக்கு, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், லெதர் உறையில் மூடி அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். பெரிய லென்ஸைப் பயணத்துக்குக் கொண்டுபோகாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஹட்டனில் புதிதாகக் கல்யாணம் எடுக்கிற தம்பி: அண்ணா, என் 70-200 எஃப் 2.8ஐ விற்றுவிட்டுச் சின்ன லென்ஸ் இரண்டு வாங்கவா?

விற்காதே தம்பி. கோயில் கல்யாணத்தில் ஐயர் உன்னை மணவறைக்குக் கிட்ட விடமாட்டார், தூரத்தில் இருந்து தாலி கட்டுகிற கையை எடுக்க அதுதான் ஆள். ஆனால் ஃபாஸ்ட் என்றாலே பாரம் என்று நினைத்துவிடாதே. கேனன் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 425 கிராம்தான். உன் பெரிய லென்ஸைவிட இரண்டரை மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் உள்ளே விடும். ஜூம் இல்லை, நாலு அடி நடக்கவேண்டும், அவ்வளவுதான். காசு சேர்ந்ததும் செக்கன்ட் ஹேண்டில் ஒன்று தேடு. வாங்கும் முன் முன்கண்ணாடியை டோர்ச் அடித்துப் பார், உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடு. அது கையில் வரும் வரைக்கும் என் 85 இங்கே இருக்கிறது, திருவிழாவுக்கு வந்து வாங்கிக்கொண்டு போ.