பக்கத்தின் அடியில் விழும் வெற்றிடம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற கணித ஆய்வேடுகளை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அடித்துக் கொடுக்கிறேன். நீளமான சமன்பாடு வந்தால் மொத்தமாக அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. முந்தின பக்கம் பாதி காலியாக நிற்கிறது. இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, பக்கத்தை நானே உடைத்துச் சரி செய்கிறேன். கைடு ஒரு பத்தி சேர்க்கச் சொன்னால் எல்லாம் கலைந்துபோகிறது. “கணக்கு சரியாக இருந்தால் போதும், இடைவெளியை யார் பார்க்கப் போறா?” என்கிறார் கடைக்காரர்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடைக்காரர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘7 − 5’ என்று எழுதும்போது குறிக்கு இருபுறமும் இடம் வேண்டும். வெறும் ‘−5’ என்றால் குறி எண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும். முதலாவது கழித்தல், இரண்டாவது எதிர்ம எண். படிக்கிறவர் கண் இடைவெளியை வைத்துத்தான் இதைச் சட்டென்று பிரிக்கிறது. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1977இல் தன் புத்தகத்தின் ப்ரூஃபைப் பார்த்து மனம் நொந்துதான், லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளையே உருவாக்க உட்கார்ந்தார். அதனால் இந்த நுணுக்கமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது: கூட்டல், கழித்தலுக்கு ஓர் எம் (எழுத்தின் அளவை ஒட்டிய அச்சு அலகு) அளவில் 18இல் 4 பங்கு, சமக்குறிக்கு 5 பங்கு. தொகையிடலின் முடிவில் வரும் டிஎக்ஸுக்கு (dx) முன்னால் விட வேண்டிய 3 பங்கு மட்டும் அதற்குத் தானாகத் தெரியாது. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

இனி அந்தக் காலி இடம். கணிதத்துக்காக லேடெக்கோடு சேர்த்து நீங்கள் பயன்படுத்தும் ஏஎம்எஸ்மேத் என்ற துணைத் தொகுப்பு, பல வரிச் சமன்பாட்டை இயல்பாகப் பக்க நடுவில் உடைக்க விடாது. பத்து வரி நிறுவல் மிச்ச இடத்தில் கொள்ளாவிட்டால் பத்தும் சேர்ந்து நகர்ந்துவிடும். ஆவணத்தின் தலைப்பகுதியில் ‘அலவ்டிஸ்பிளேபிரேக்ஸ்’ கட்டளையை ஒரே ஒரு முறை கொடுத்தால் இந்தத் தடை நீங்கும். அதோடு 1 முதல் 4 வரை எண் கொடுக்கலாம். 1 என்றால் முடிந்தவரை உடைக்காதே, 4 என்றால் தாராளமாக உடை. ஆய்வேட்டுக்கு நான் 1 வைப்பேன். ‘அலைன்’ சூழலில், அதாவது அந்தப் பெயரில் தொடங்கி முடிக்கும் கட்டளைகளுக்கு நடுவே, எழுதிய வரிகளுக்குத்தான் இது பலிக்கும். ‘ஸ்பிளிட்’, ‘அலைன்டு’ என்ற சூழல்கள் இரண்டும் மொத்தத்தையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிடுவதால் என்ன சொன்னாலும் உடையாது. நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் இருப்பது ஸ்பிளிட்தான்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சமன்பாட்டுக்கு முன்னால் கோப்பில் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறீர்கள். பார்க்கத் தெளிவாக இருக்கட்டும் என்றுதான் விட்டிருப்பீர்கள், ஆனால் டெக்குக்கு வெற்று வரி என்றால் பத்தி முடிந்துவிட்டது. மேலே தேவையில்லாத இடம் விழும். அது மட்டுமில்லை. சமன்பாட்டை அதற்கு முந்தைய வரியிலிருந்து பிரித்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளாதபடி டெக்கில் ஒரு காவல் உண்டு. பத்தி முடிந்தால் அந்தக் காவலும் போய்விடும். உங்கள் பக்கத்தில் “எனவே,” என்ற சொல் கடைசி வரியில் தனியாக நிற்க, சமன்பாடு மறுபக்கம் போனது இதனால்தான். சமன்பாட்டுக்குப் பிறகு “இங்கு” என்று வாக்கியம் தொடர்ந்தாலும் வெற்று வரி விடாதீர்கள். புதுப் பத்தி மாதிரி உள்ளே தள்ளித் தொடங்கும்.

சரி, எங்கே உடைப்பது? தனியாக நிறுத்திய சமன்பாட்டில் புது வரி சமக்குறியோடோ கூட்டல் குறியோடோ தொடங்கட்டும். பத்திக்குள் ஓடும் சமன்பாடு என்றால் குறி முதல் வரியிலேயே நின்று, மிச்சம் கீழே வரட்டும். பக்கம் மாறும் இடத்தை ஆய்வு மாணவரிடம் கேட்டு வைப்பதுதான் நல்லது. “இந்த வரியோடு ஒரு படி முடிகிறது” என்று அவருக்குத்தான் தெரியும். பிரியக் கூடாத இரண்டு வரிகளுக்கு நடுவே, வரி முறிக்கும் இரட்டைச் சாய்கோட்டோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்த்துவிடுங்கள். விடை வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத் தலையில் போய் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. அதற்கும் இந்த நட்சத்திரம்தான்.

அப்புறம், கைடு கடைசித் திருத்தம் முடித்துக் கையெழுத்துப் போடும்வரை கையால் எந்தப் பக்கத்தையும் உடைக்காதீர்கள். இப்போது போட்டு வைத்திருக்கும் இடைவெளிக் கட்டளைகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஸ்பிளிட்டை அலைனாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். அலைன் ஒவ்வொரு வரிக்கும் எண் போடும். வேண்டாத வரிகளில் ‘நோநம்பர்’ கொடுங்கள். அதற்கு மேலும் இடிக்கிற பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.